ஹவாய் மாட்டுவால் சூப்பும் நள்ளிரவுச் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாயில் மாட்டுவால் சூப் கேட்டால் மேசைக்கு என்னென்ன வரும்?

பெரிய ஆழமான கிண்ணத்தில் தெளிந்த, இளம் தேன் நிறக் குழம்பு. அதில் எலும்போடு நான்கைந்து வால் துண்டுகள், வெந்த நிலக்கடலை, சில கடைகளில் ஷிடாக்கே காளான், சில கடைகளில் சிவப்பு இலந்தை. ஓரத்தில் சீனக் கடுகுக்கீரை. அங்கே அதை ‘கை சோய்’ என்பார்கள். மேலே ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் கொத்தமல்லித் தழையும் வெங்காயத்தாளும். தனித் தட்டில் இரண்டு கரண்டி உருண்டைச் சோறு. சின்னக் கிண்ணியில் துருவிய பச்சை இஞ்சி. ஷோயு என்னும் சோயா சாஸ் பாட்டில் பெரும்பாலும் மேசையிலேயே இருக்கும்.

இஞ்சியைக் கொண்டுவர மறந்துவிட்டால் கேட்டு வாங்குங்கள். இஞ்சி இல்லாமல் இந்தச் சூப்பைத் தொடக்கூடாது.

இது ஹவாய்ப் பூர்வகுடிகளின் உணவா?

இல்லை. பூர்வகுடிகளின் தீவுகளில் மாடே கிடையாது. 1793-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமி மாடுகளைக் கொண்டுவந்து அரசர் கமேஹமேஹாவுக்குக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக்கூடாது என்று அரசர் தடை போட, மந்தை பெருகிக் காடெல்லாம் திரிந்தது. பிறகு பண்ணைகள் வந்தன. ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய்த் தீவிலுள்ள பார்க்கர் பண்ணை 1847-இல் தொடங்கியது.

சமையல் முறை வந்தது வேறு வழியில். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1852-இல் சீனர்கள் வந்தார்கள். 1885 முதல் ஜப்பானியர் பெருந்தொகையாக வந்தார்கள், 1900-இல் ஒகினாவா மக்கள், 1903-இல் கொரியர், 1906-இல் பிலிப்பினோக்கள். கிண்ணத்தைப் பார்த்தாலே யார் எதைச் சேர்த்தார்கள் என்று ஊகிக்கலாம். அன்னாசிப்பூ, காய்ந்த ஆரஞ்சுத் தோல், நிலக்கடலை, இலந்தை, கடுகுக்கீரை எல்லாம் தென்சீனச் சமையலறையின் சரக்கு. துருவிய இஞ்சியும் ஷோயுவும் ஜப்பானியப் பழக்கம். எலும்பும் சவ்வுமாக மணிக்கணக்கில் கொதித்த சூப்பை விரும்பி உண்பது ஒகினாவா மக்களுக்கும் கொரியருக்கும் புதிதல்ல. இரண்டு கரண்டிச் சோறு ஹவாய்த் தட்டுச் சாப்பாட்டின் பொது விதி. ஆக, இதைத் தீவில் பிறந்த கலப்பு உணவு என்று சொல்வதே சரி. அங்குள்ளவர்கள் ‘லோக்கல்’ சாப்பாடு என்பது இந்த வகையைத்தான்.

ஏன் இது இரவுச் சாப்பாடாகப் பெயர் வாங்கியது?

முதல் காரணம் சமையலறை சார்ந்தது. சூப்பின் வேலை முழுவதும் முந்தின நாளே முடிந்துவிடுகிறது. இரவு ஒரு மணிக்குச் சமையல்காரர் செய்ய வேண்டியது குழம்பையும் இறைச்சியையும் சூடாக்கி, கீரையை வெந்நீரில் முக்கி, தழையை அள்ளிப் போடுவது மட்டுமே. அடுப்பில் ஒரே ஆள் நிற்கும் நேரத்துக்கு இதைவிட ஏற்ற பண்டம் இல்லை.

இரண்டாவது காரணம் கடைகள் இருந்த இடம். இந்தச் சூப்பை ஊரறியச் செய்தவை, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தி ஆடும் பௌலிங் கூடங்களுக்குள் இருந்த காபிக் கடைகள். வேலை முடிந்து மாலையில் குழுக்களாக ஆட வருபவர்கள் ஆட்டம் முடித்துப் பசியோடு எழும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். தலைநகர் ஹொனலுலுவில் மதுக்கூடங்கள் பொதுவாக அதிகாலை 2 மணிக்கு மூடும். கேபரே உரிமம் பெற்றவை 4 மணி வரை திறந்திருக்கும். அங்கிருந்து வெளியே வருபவர்களுக்கும், மருத்துவமனை, விமான நிலையம், ஹோட்டல் என்று இரவு வேலை முடிப்பவர்களுக்கும் சூடாக, உப்பாக, சோற்றோடு ஏதாவது வேண்டும்.

எந்தக் கடைகள் பெயர் பெற்றவை?

ஹொனலுலுவின் கலிஹி பகுதியில் காம் பௌல் கூடத்துக்குள் இருந்த கபியோலனி காபி ஷாப்பின் பெயரைப் பழைய ஆட்கள் முதலில் சொல்வார்கள். அந்தப் பௌலிங் கூடம் இப்போது இல்லை. அந்தச் சூப்பின் வழி ஆசாஹி கிரில் என்ற கடையில் தொடர்ந்தது. பேர்ல் ஹார்பருக்குப் பக்கத்தில் ஐயேயா பௌல் கூடத்துக்குள் இருக்கும் ‘தி ஆலி’ இன்னொரு புகழ்பெற்ற இடம். அங்கே சூப்புக்குப் பின் எலுமிச்சை கிரஞ்ச் கேக் சாப்பிடுவது வழக்கம். 1966-இல் ஹிகா சகோதரர்கள் தொடங்கிய ஸிப்பிஸ் என்ற சங்கிலிக் கடையிலும் மாட்டுவால் சூப் உண்டு. தனிக்கடைச் சூப்பின் ஆழம் அதில் இல்லை என்போர் இருக்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் திறந்திருக்கும் கடைதான் நல்ல கடை என்ற நியாயமும் ஒன்று உண்டு.

இவை தவிர, சின்னத் தெருக்களில் ‘டிரைவ் இன்’ என்றும் ‘காபி ஹவுஸ்’ என்றும் பலகை மாட்டிய கடைகளில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சிறப்பு உணவாக இதைப் போடுவார்கள். கரும்பலகையில் எழுதியிருக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். அன்றைக்கென்று வைத்த பானை என்பதால் இவற்றில் சூப் நன்றாகவே இருக்கும்.

லாஸ் வேகஸிலும் இந்தச் சூப் கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது, அதற்கு வலுவான காரணமும் உண்டு. 1975-இல் சாம் பாய்ட் லாஸ் வேகஸ் நகர மையத்தில் கலிபோர்னியா ஹோட்டலைத் திறந்தபின் ஹவாய் மக்களைக் குறிவைத்தே வாடிக்கையாளர்களைச் சேர்த்தார். விமானமும் அறையும் சாப்பாடும் சேர்ந்த மலிவுப் பயணங்களில் தீவுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். இப்போது அங்கே குடியேறிய ஹவாய் மக்கள் ஏராளம். ஹவாயின் எட்டுத் தீவுகளோடு சேர்த்து லாஸ் வேகஸை ‘ஒன்பதாம் தீவு’ என்றே அழைக்கிறார்கள். அந்த ஹோட்டலின் மார்க்கெட் ஸ்ட்ரீட் கஃபேயில் மாட்டுவால் சூப் நள்ளிரவுப் பண்டமாகவே பேர் எடுத்தது. சூதாட்ட மேசையிலிருந்து எழுந்து வருபவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். 2023-இல் ஸிப்பிஸும் அந்த ஊரில் கடை திறந்தது.

எத்தனை மணிவரை கிடைக்கும்?

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். ஹொனலுலுவில் 24 மணி நேரமும் திறந்திருந்த கடைகள் பல மூடிவிட்டன. வைக்கீக்கீயின் வைலானா காபி ஹவுஸ் 2018-இல் போயிற்று. 1953 முதல் இயங்கிய லிக்கெலிக்கே டிரைவ் இன் 2020-இல் மூடியது. பெருந்தொற்றுக்குப் பின் திறந்த கடைகளிலும் இரவு நேரம் சுருங்கிவிட்டது. போகும் அன்றே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, சூப் மிச்சம் இருக்கிறதா. கடை மூடும் நேரமும் கடைசி ஆர்டர் நேரமும் ஒன்றல்ல. அரை மணி வித்தியாசம் சாதாரணம். பானை தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பத்து மணிக்குப் புதிதாக வைத்துத் தர இது நூடுல்ஸ் அல்ல.

விலை ஏன் இவ்வளவு?

ஒரு மாட்டுக்கு வால் ஒன்றுதான். தோலுரித்துக் கொழுப்பு நீக்கினால் ஒன்றரைக் கிலோ தேறும், அதிலும் பாதிக்கு மேல் எலும்பு. முன்பு கசாப்புக்காரர் தள்ளிவிடும் துண்டாக இருந்ததால்தான் காபிக் கடைகளில் புகுந்தது. ஜமைக்கா, கொரிய, பிலிப்பினோ, வியட்நாமியக் கடைகள் எல்லாம் அதையே தேடத் தொடங்கியதும் விலை ஏறிவிட்டது. இப்போது ஒரு கிண்ணம் 20 டாலருக்குக் கீழே கிடைத்தால் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில் பில்லில் சுமார் 4.7 சதவீத வரி சேரும். மேசையில் பரிமாறும் கடையாக இருந்தால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். நள்ளிரவுப் பணியாளருக்குக் கையை இறுக்க வேண்டாம்.

பரிமாறுபவர் என்ன கேட்பார்?

வெள்ளைச் சோறா, பழுப்பரிசிச் சோறா என்று கேட்பார். வெள்ளையே சரி, ஒட்டும் தன்மையுள்ள நடுத்தர அரிசிதான் குழம்பைத் தாங்கும். சில கடைகளில் சிறியதா பெரியதா என்று கேட்பார்கள். சில இடங்களில் சோற்றுக்குப் பதில் நூடுல்ஸ் உண்டு. கூடுதல் இஞ்சி சில கடைகளில் இலவசம், சில கடைகளில் தனிக் காசு. மக்ரோனி சாலட் வேண்டுமா என்று கேட்டால் மறுத்துவிடலாம். மயோனைஸும் இந்தச் சூப்பும் ஒரே மேசையில் சேராது.

உடை பற்றிக் கவலையே வேண்டாம். செருப்பும் அரைக்கால் சட்டையுமாகத்தான் ஊரே வருகிறது.

எப்படிச் சாப்பிடுவது?

முதலில் எதையும் சேர்க்காமல் இரண்டு கரண்டி குழம்பைக் குடியுங்கள். உப்பு எவ்வளவு, அன்னாசிப்பூ எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பிறகு சின்னக் கிண்ணியில் இஞ்சி ஒரு பங்கு, ஷோயு இரண்டு பங்கு என்று கலந்து வையுங்கள். ஹவாயில் மிளகாய் ஊறிய தண்ணீர் பாட்டிலில் இருக்கும். உறைப்பு வேண்டுமானால் சில சொட்டு அதில் விடலாம். வால் துண்டை எடுத்து அந்தக் கலவையில் தொட்டு உண்ண வேண்டும்.

எலும்பின் குழிகளில் சிக்கியிருக்கும் சவ்வும் இறைச்சியும்தான் வாலின் சிறப்பு. முள்கரண்டியால் அது வராது. கையால் எடுத்துக் கடிப்பதை யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். எலும்பு போட வெறும் தட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். விரல்கள் பசைபோல ஒட்டும். அது ஜெலட்டின், சூப் சரியாக வெந்ததற்கு அடையாளம்.

கொத்தமல்லித் தழையை மொத்தமாக அமுக்கிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். ஒரேயடியாக அமுக்கினால் ஐந்து நிமிடத்தில் கறுத்துச் சுருண்டுவிடும். துண்டுகள் முடிந்தபின் மிச்சமிருக்கும் சோற்றையும் இஞ்சிக் கலவையையும் குழம்பில் போட்டுக் கஞ்சிபோலக் குடித்து முடிப்பதே பழகியவர்களின் முறை.

ஷோயுவை நேராகச் சூப்பில் ஊற்றினால் என்ன?

கெட்டுவிடாது, ஆனால் காசு வீண். குழம்பு கறுத்து, ஆரஞ்சுத் தோலின் மெல்லிய மணம் அமுங்கி, உப்பு மட்டும் நிற்கும். தீவில் பரவலாகப் புழங்கும் அலோஹா ஷோயு ஜப்பானிய வகைகளைவிடச் சற்று இனிப்பும் மென்மையும் கொண்டது. அதை ஊற்றினால் இனிப்பும் சேரும்.

நல்ல சூப், சுமாரான சூப் என்று எப்படிப் பிரிப்பது?

கிண்ணத்தின் அடி தெரிய வேண்டும். மேலே சிறு சிறு எண்ணெய் வட்டங்கள் மிதக்கலாம். படலமாகப் படர்ந்திருந்தால் கொழுப்பை நீக்காமலே விட்டிருக்கிறார்கள். இறைச்சி எலும்பில் நிற்க வேண்டும், ஆனால் இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கழன்று வர வேண்டும். கடலை நசுங்க வேண்டும், கடிபடக்கூடாது. கீரை பச்சையாகவே இருக்க வேண்டும். அன்னாசிப்பூ முதல் வாயிலேயே மூக்கைத் தாக்கினால் அளவு தவறியிருக்கிறது. கடைசியாக, உதடுகள் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அது சூப்புத்தூளில் செய்த சூப்.

மலேசியா, சிங்கப்பூரில் கிடைக்கும் சூப் எக்கோரும் இதுவும் ஒன்றா?

வால் மட்டும்தான் பொது. அங்குள்ள இந்திய முஸ்லிம்களின் ‘மாமா’க் கடைகளில் கிடைக்கும் மாட்டுவால் சூப்பான சூப் எக்கோரில் தனியா, சீரகம், சோம்பு, மிளகு எல்லாம் அரைபட்டுக் குழம்பு கலங்கி, மேலே பொரித்த வெங்காயம் மிதக்கும். ஹவாய்ச் சூப்பில் தூள் எதுவுமே சேராது, எண்ணெயில் வதக்குவதும் இல்லை. அதை எதிர்பார்த்து இதைக் குடித்தால் முதலில் சப்பென்று தோன்றும். பாதிக் கிண்ணம் வரை பொறுங்கள்.

கொரியரின் வால் சூப்பான கோரி கொம்தாங் பால்போல வெளுத்திருக்கும், ஏனென்றால் அதை வேண்டுமென்றே கொதிக்கக் கொதிக்க வைத்துக் கொழுப்பைக் குழம்பில் கரைக்கிறார்கள். பிலிப்பினோ காரே காரேயில் வாலும் கடலையும் சேர்ந்தாலும் கடலை அரைத்த கெட்டிக் குழம்பு அது. ஹொனலுலுவில் வால் போட்ட ஃபோ என்னும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப்பும் நிறையக் கிடைக்கும். பட்டையும் கிராம்பும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் செய்ய வால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கணுவில் வெட்டிய துண்டாக வாங்குங்கள். இரம்பத்தால் எலும்பின் நடுவில் அறுத்த துண்டில் எலும்புத்தூள் ஒட்டியிருக்கும். குழம்பில் மணல்போல நெருடும், கலங்கலும் தரும். வாலின் அடிப்பக்கத் துண்டுகளில் இறைச்சி அதிகம், நுனித் துண்டுகளில் சவ்வு அதிகம். குழம்பின் கனத்துக்கு நுனி வேண்டும், தின்பதற்கு அடி வேண்டும். கலந்து வாங்குவதே சரி. கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளித்து நாற்றம் வந்தால் விட்டுவிடுங்கள். உறைந்த வாலைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு முழு நாள் வைத்து இளக்கிய பிறகே சமைக்க வேண்டும்.

நான்கு பேருக்கு அளவு என்ன?

வால் 1.8 கிலோ. தண்ணீர் மூன்றரை லிட்டர். தோலோடு தட்டிய இஞ்சி 60 கிராம். முழு அன்னாசிப்பூ 2, பெரிதானால் ஒன்றரை. காய்ந்த ஆரஞ்சுத் தோல், இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. தோல் நீக்கிய பச்சை நிலக்கடலை 150 கிராம். காய்ந்த ஷிடாக்கே 6. விரும்பினால் சிவப்பு இலந்தை 5. கடுகுக்கீரை 300 கிராம். கொத்தமல்லி பெரிய கட்டு ஒன்று, வெங்காயத்தாள் நான்கு. உப்பு கடைசியில், குழம்பு லிட்டருக்கு 7 கிராம் கணக்கில். ஷோயு வெளியே தொட்டுக்கொள்ள இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம். துருவ இன்னும் 80 கிராம் இளம் இஞ்சி தனியாக எடுத்து வையுங்கள்.

பூண்டு, வெங்காயம், மிளகு? பூண்டு இரண்டு பல் போடுவோர் உண்டு. மிளகை மேசையில் தூவிக்கொள்ளலாம். வெங்காயம் போட்டால் குழம்பு இனிக்கும், வேண்டாம்.

செய்முறை?

முதல் நாள் மாலையில் தொடங்குங்கள். கடலையையும் காளானையும் தனித்தனியே ஊறவையுங்கள். கடலைக்கு நான்கு மணி நேரம் போதும். ஆரஞ்சுத் தோலை 20 நிமிடம் ஊறவைத்து, உட்பக்க வெள்ளைச் சதையைக் கத்தியின் முதுகால் வழித்தெடுங்கள். கசப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

வால் துண்டுகளைச் சுற்றியுள்ள தடித்த கொழுப்பை அரிந்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வெந்நீரில் போட்டால் மேற்பரப்பு இறுகி, இரத்தம் உள்ளேயே தங்கிப் பிறகு கசியும். கொதி வந்தபின் 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். சாம்பல் நிற நுரை பொங்கும். அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு துண்டையும் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், பாத்திரத்தையும் கழுவுங்கள். குழம்பின் தெளிவு இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. பலரும் அவசரப்படுவதும் இங்கேதான்.

இப்போது மூன்றரை லிட்டர் புதுத் தண்ணீர், வால், தட்டிய இஞ்சி, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல். கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வர வேண்டும், அதற்கு மேல் கூடாது. மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். 45 நிமிடம் கழித்து அன்னாசிப்பூவை எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் கடலை, காளான், இலந்தை சேருங்கள். மொத்தம் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். இரண்டரை மணியிலிருந்தே நுனித் துண்டுகளைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். வெந்தவற்றை எடுத்துத் தனியே வைத்து, தடித்தவை வேகட்டும்.

அடுப்பை அணைத்ததும் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆழப் பானையோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளை வட்டாகக் கட்டியிருக்கும்; அப்படியே தூக்கிவிடலாம். கீழே குழம்பு அல்வாபோல உறைந்து அசைய வேண்டும்.

பரிமாறும்போது மெல்லச் சூடாக்கி உப்புப் போடுங்கள். கீரையைத் தனி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, துண்டுகளை அடுக்கி, மேலே குழம்பு ஊற்றி, தழையைக் குவியுங்கள்.

குக்கரில் செய்யலாமா?

செய்யலாம். பச்சைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவும் வேலையைத் தவிர்க்க முடியாது. அதன்பின் தண்ணீரை இரண்டரை லிட்டராகக் குறைத்து, முதல் விசில் வந்ததும் தீயை ஆகக் குறைத்து 45 நிமிடம் வைக்க வேண்டும். விசில் எண்ணுவது இங்கே உதவாது. ஒவ்வொரு விசிலும் உள்ளே குழம்பைக் குலுக்கிக் கொழுப்பைக் கலக்கும். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் குழம்பு சட்டென்று பொங்கிக் கலங்கும், இறைச்சியும் நாராகப் பிரியும். திறந்தபின் கடலையைப் போட்டு இன்னொரு 20 நிமிடம் குக்கரிலேயே வைக்கலாம். அன்னாசிப்பூவைப் பொறுத்தவரை ஒன்றே போதும், ஏனென்றால் நடுவில் எடுக்க வழியில்லை.

சுவையில் அடுப்புச் சூப்புக்குப் பக்கத்தில் வரும். குழம்பின் கனத்தில் குறையிருக்காது. மணத்தில்தான் கொஞ்சம் மொட்டையாக இருக்கும்.

குழம்பு கலங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் தீ அதிகமாக இருந்திருக்கும், அல்லது முதல் தண்ணீரைக் கொட்டாமல் நுரையை மட்டும் வழித்திருப்பீர்கள். குளிரவைத்துக் கொழுப்பை எடுத்தபின் இளஞ்சூட்டில் மெல்லிய துணியில் வடிகட்டினால் ஓரளவு தெளியும். முழுவதும் தெளியாது, ஏனென்றால் கொழுப்பு ஏற்கெனவே நுண்துளிகளாகக் குழம்பில் பிணைந்துவிட்டது. சுவைக்குக் கேடில்லை.

மருந்து வாடை வருகிறதே?

அன்னாசிப்பூ கூடிவிட்டது, அல்லது அதிக நேரம் கிடந்துவிட்டது. உடைந்த துண்டுகளைப் போட்டாலும் இப்படி ஆகும். அரை லிட்டர் தண்ணீரும் புது இஞ்சியும் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவைத்தால் கொஞ்சம் தணியும். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள்.

மூன்று மணி நேரம் ஆகியும் இறைச்சி கெட்டியாக இருக்கிறது.

இன்னும் வேகவில்லை, அவ்வளவுதான். வாலின் சவ்வு ஜெலட்டினாக மாற நேரம் கொடுத்தே தீர வேண்டும். தீயைக் கூட்டினால் நார் இறுகுமே தவிர வேகம் கூடாது. அடிப்பக்கத் துண்டுகள் நான்கு மணி நேரம்கூடக் கேட்கும். இதற்கு எதிரான தவறும் உண்டு. துண்டு எலும்பை விட்டுக் கழன்று குழம்பில் மிதந்தால் அரை மணி நேரம் கூடிவிட்டது என்று பொருள்.

கடலை வேகவில்லை. வறுத்த கடலை போடலாமா?

வறுத்தது வேண்டாம். எத்தனை நேரம் கொதித்தாலும் அதில் வறுத்த வாடை போகாது, குழம்பையும் பழுப்பாக்கும். பச்சைக் கடலை வேகாமல் நிற்பதற்குப் பழைய சரக்கு, ஊறாதது, ஆரம்பத்திலேயே உப்புப் போட்டது என்று மூன்று காரணங்கள். சிவப்புத் தோலோடு போட்டால் குழம்பு செம்மை ஏறித் துவர்க்கும். ஊறியபின் இரு கையாலும் கசக்கினால் தோல் கழன்று மிதக்கும்.

சீன ஆரஞ்சுத் தோலும் கடுகுக்கீரையும் கிடைக்காத ஊரில்?

கமலா ஆரஞ்சின் தோலை வெள்ளைச் சதை வழித்து மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். பழைய சீனத் தோலின் ஆழம் வராது, மணம் வரும். பச்சைத் தோல் வேண்டாம். எண்ணெய்க் காரம் குழம்பில் தனித்து நிற்கும். எலுமிச்சைத் தோலும் ஒத்துவராது.

கீரைக்கு, கசப்பும் காரமும் உள்ள எதுவும் பொருந்தும். நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் கடுகுக்கீரையின் தண்டோடு கூடிய இலை, முள்ளங்கிக் கீரை இரண்டுமே நல்லவை. முட்டைக்கோஸ் இனிக்கும், பசலை கொழகொழக்கும்.

ஒவ்வாமை, உடல்நலம்?

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கடலையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் குடிக்கக்கூடாது. அது குழம்பிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்திருக்கிறது. ஷோயுவில் சோயாவும் கோதுமையும் உண்டு. கௌட் என்னும் வாத நோய் உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்களுக்கும் இது உகந்ததல்ல. குடிமயக்கத்தை இது தெளியவைக்கும் என்ற பேச்சு பரவலாக உண்டு. தண்ணீரும் உப்பும் சோறும் உள்ளே போவதால் உடம்பு தேறியதாகத் தோன்றும். மயக்கம் தெளிய நேரம்தான் ஆகும், வண்டி ஓட்டாதீர்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர் கூட வந்தால்?

இந்தக் கடைகளில் பெரும்பாலும் கோழிக் கட்சு (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி), மீன், முட்டை, வறுத்த சோறு கிடைக்கும். சைமின் நூடுல்ஸ் வெறும் நூடுல்ஸ்போலத் தோன்றினாலும் குழம்பில் மீனும் இறாலும் இருக்கும், மேலே பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சோற்றின்மேல் இறைச்சி வட்டும் முட்டையும் வைத்துத் தரும் லோகோ மோகோவில் முட்டைக்குக் கீழே இருப்பது மாட்டிறைச்சி. முழுச் சைவருக்கு நள்ளிரவில் தேர்வு குறைவு, முன்கூட்டியே ஏதாவது சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. ஹலால் சான்று இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள், கடையில் கேளுங்கள்.

பார்சல் வாங்கினால்?

குழம்பு, இறைச்சி, கீரை, தழை, இஞ்சி எல்லாம் தனித்தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள். ஒன்றாகப் போட்டால் அறைக்குப் போவதற்குள் கீரை பழுத்துவிடும். குளிர்பெட்டியில் வைத்த குழம்பு உறைந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மைக்ரோவேவில் இறைச்சியையும் குழம்பையும் சேர்த்தே, மூடி, நடுநடுவே கிளறிச் சூடாக்குங்கள். தனித் துண்டு வெடித்துத் தெறிக்கும். மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். உறைபெட்டியில் இரண்டு மாதம் இருக்கும், ஆனால் காளானும் கடலையும் இளகும்போது பஞ்சாகிவிடும், அவற்றை முன்பே தின்றுவிடுங்கள்.

தூக்கியெடுத்த கொழுப்பு வட்டை என்ன செய்வது?

கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் மெழுகாக அடைத்துக்கொள்ளும். அடியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சுரண்டிவிட்டு, சட்டியில் உருக்கி, ஈரம் சடசடத்து அடங்கியபின் வடிகட்டிப் புட்டியில் வைத்தால் குளிர்பெட்டியில் ஒரு மாதம் நிற்கும். அன்னாசிப்பூ மணம் ஏறிய அந்தக் கொழுப்பில் ஒரு கரண்டி விட்டு, பழைய சோறும் வெங்காயத்தாளும் முட்டையும் போட்டு வறுத்துப் பாருங்கள். மிஞ்சிய வால் இறைச்சியை உதிர்த்துச் சேர்த்தால், ஹொனலுலு கடைகளில் தனி விலை போட்டு விற்கும் மாட்டுவால் வறுத்த சோறு அதுதான்.